ஸ்டெப்னி வேண்டாம்

சக்கரம் உருளத் தொடங்கிய நாளிலிருந்து மனிதன் எந்தத் தடைக்கும் தலைவணங்கியதில்லை. காடு அவனுக்கு வழிவிட்டது. மலை முதுகைக் காட்டி நின்றது. பாலைவனம் பணிந்து படுத்துக்கொண்டது. அளவுக்காரரின் பிக்கப் வண்டி மட்டும், லேசாகத் தூறல் போட்டிருந்த ஒரு காலையில், ஒரு வீட்டு வாசலின் சிமெண்டுச் சரிவில் ஏற மாட்டாமல் பின்னால் வழுக்கி வந்து பூந்தொட்டி ஒன்றின் மேல் நின்றது.

காடு, மலை, பாலைவனம் எல்லாம், காடுமேடு ஏறுகிற வண்டிக்காரர்களுக்காக அவருடைய மைத்துனன் நடத்தும் குழுவின் முகப்பு வாசகம். பூந்தொட்டி உண்மையில் நடந்தது.

அளவுக்காரர் சமையலறைகளை அளப்பவர். புதிதாக அலமாரியும் மேடையும் போட நினைக்கும் வீடுகளுக்கு முதலில் போகிற ஆள் அவர்தான். சிவப்புப் புள்ளி அடிக்கும் கருவியைச் சுவரில் வைத்து, நீளம் அகலம் உயரம் எடுத்து, கம்பெனிக்கு அனுப்புவார். அளவில் அரை மில்லிமீட்டர் தவறியதில்லை. மற்ற எதிலும் அவர் தலையிட்டதும் இல்லை. "வெள்ளை நல்லா இருக்குமா, சாம்பல் நல்லா இருக்குமா?" என்று வீட்டுக்காரம்மாக்கள் கேட்டால், "எதுன்னாலும் சரிங்க" என்பார். அளவெடுக்கப் போகிறவன் கருத்துச் சொன்னால் நாளைக்கு அந்த நிறம் பிடிக்காமல் போய்ப் பழி கம்பெனி மேல் விழும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் சொல்லிக்கொடுத்தது. தொழிலுக்கென்று போட்ட சட்டையை அவர் வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. இருபத்து நான்கு வருஷம்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. நோயாளியின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேர். அதில் பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அவர்களோடு பொழுதெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் முப்பத்தோராவது ஆளாக இவர் உட்கார்ந்திருப்பார்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கையில் கரண்டியோடு அவள் கேட்டாள்.

"சோறா, ரொட்டியா?"

"எதுன்னாலும் சரி."

"முதலாவதா, ரெண்டாவதா?" என்றாள். மருத்துவமனைக் குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதானே."

அவள் கரண்டியை மேடைமேல் வைத்தாள். சத்தமே வரவில்லை.

"நான் கொஞ்ச நாள் அக்கா வீட்டுல போய் இருக்கேன். அதுவும் சரியா?"

"சரி."

கையை நீட்டினால் தானாகக் கொட்டும் குழாய்கள் இப்போது வந்திருக்கின்றனவே, அந்த மாதிரி வந்தது அந்த 'சரி'. பிறகுதான் கேள்வி என்னவென்று அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் பை எடுக்கப் போய்விட்டாள். அவர் என்ன செய்தார்? பையைத் தூக்கிக்கொண்டு போய் பிக்கப்பில் வைத்தார். அவரே ஓட்டிக்கொண்டுபோய்ப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அக்கா வீட்டில் இறக்கியும் விட்டார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த வழியா போகட்டும்?"

அந்தக் கரண்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அடுப்பின் விளிம்பிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டரில். மேடையைத் துடைக்கும்போது கரண்டியைச் சுற்றித் துடைப்பார். நின்றுகொண்டே ரொட்டி தின்பார். வருத்தமாக இருக்கிறதா என்று அவ்வப்போது தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தை அழுத்திப் பார்ப்போமே, அப்படி இருந்தது. விரலுக்குக் கன்னம் தெரிந்தது. கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. ஏழு வாரத்தில் முப்பத்தொரு சமையலறை அளந்துவிட்டார். ஒன்றிலும் பிசகு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் போன் செய்வாள். கேஸ் மூடியாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா. பேச வேறெதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூந்தொட்டிக் கதையைச் சொன்னார்.

"டயர் மொட்டையாயிடுச்சு. மாத்தணும்" என்று முடித்தார்.



"என்ன டயர் போடப் போறீங்க?"

"ஏதாவது. கடைல குடுக்கறதை..."

"நிறுத்துங்க" என்றாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நீங்களா ஒரு முடிவு எடுத்துட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. யாரையும் கேக்காம. அப்ப நான் வீட்டுக்கு வர்றதைப் பத்தி யோசிக்கறேன்."

"டயரா இருந்தாலுமா?"

"டயரா இருந்தா என்ன? தகர டப்பாவா இருந்தா என்ன? நீங்களா எடுத்ததா இருக்கணும். சனிக்கிழமை நாலு மணிக்கு அக்கா வீட்டுக்கு வாங்க. வந்து எது நீங்க எடுத்த முடிவுன்னு காட்டுங்க. பொய் சொல்லிடலாம்னு நினைக்காதீங்க. கண்ணைப் பாத்தா தெரியும் எனக்கு. அதுதான் என் பொழைப்பு."

அவர் "சரி" என்று சொல்லப்போய், நிறுத்தி, இருமினார்.

திங்கட்கிழமை மதியம் அவர் கண்டிப்பாகத் தனியாகத்தான் டயர்க் கடைக்குப் புறப்பட்டார். ஆனால் அந்தக் கடை மைத்துனனின் ஏ.சி. கடைக்கு நேர் எதிரில் இருந்தது.

மைத்துனனுக்குக் குழுவில் கமாண்டர் என்று பெயர். பெயரை அவனே வைத்துக்கொண்டான். அவன் வண்டிக்கு முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் இயந்திரம் உண்டு. அதனால் இதுவரை இழுக்கப்பட்டது ஒரு வாஷிங் மெஷின், மாடிக்கு. பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை போல ஒரு மூச்சுக்குழாய் நிற்கும். வண்டி கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டாதாம். அந்த வண்டி பார்த்த மிகப் பெரிய வெள்ளம், அதை வாராவாரம் கழுவுகிற இடத்தில் அடிக்கிற தண்ணீர்தான்.

"மாமா! டயரா?" என்று ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? தெய்வமே அனுப்பி வச்ச மாதிரி வந்து நிக்கறீங்க."

"இல்ல மாப்ள, இதை நானே பாத்துக்கலாம்னு..."

"நீங்களேதான் பாக்கறீங்க. நான் சும்மா கூட நிக்கறேன்."

கூட நிற்பது என்பதற்கு அவன் அகராதியில் முன்னால் போவது என்று அர்த்தம்.

டயர்க் கடைக்காரர் மெலிந்த மனிதர். அவசரமே இல்லாத குரல். சுவர் முழுக்கக் கறுப்பு வட்டங்கள் தொங்கின. புது ரப்பரின் வாடை கடைக்குள் நுழைகிறவரின் சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவர் பழைய டயரின் பக்கவாட்டிலிருந்த எண்களைச் சாக்பீஸால் தேய்த்துக் காட்டி விளக்கினார்: முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது டயரின் சுவர் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. கடைசி எண் நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில்.

அளவுக்காரர் முதன்முறையாக நிமிர்ந்தார். "ஒரே வரில மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூணுமா?"

"ஆமாங்க."

"யாரும் கேக்கலையா?"

"இத்தனை வருஷத்துல நீங்கதான் கேக்கறீங்க."

கடைக்காரர் மூன்று வகையைத் தரையில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். முதலாவது சாதா ரோட்டு டயர். சத்தம் போடாது, பெட்ரோல் குடிக்காது. இரண்டாவது ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். மூன்றாவது சேற்று டயர். அதன் மேல் கட்டிகட்டியாக, சாக்லேட்டை உடைத்துப் போட்ட மாதிரி ரப்பர் பாளங்கள். இடையில் விரல் போகும் பள்ளம். உடம்பெல்லாம் மெல்லிய ரப்பர் முடிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. புது டயருக்கு அவை இருக்கும், ஓட ஓட உதிர்ந்துவிடும் என்றார்.

"எங்க ஓட்டுவீங்க?"

"கிச்சனுக்கு."

"கிச்சன்ல சேறு இருக்குமா?"

அளவுக்காரர் நேர்மையாக யோசித்தார். "சிங்குக்கு அடியில சில வீட்டுல தண்ணி நிக்கும்."

"அப்ப முதலாவது போதுமே."

"அண்ணே!" என்று கமாண்டர் நடுவில் பாய்ந்தான். "டயரை யாராவது போற இடத்துக்காக வாங்குவாங்களா? போக முடியும்ங்கற நினைப்புக்காக வாங்கறது அது. மாமா, உங்களைப் பாருங்க. ஏழு வாரமா முகம் ஈரத் துணி மாதிரி தொங்குது. இந்த மூணாவதைப் போட்டுட்டு பெரியக்கா வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. அக்கா பாத்ததுமே இவர் வேற ஆளுன்னு நினைச்சுக்கும்."

"வேற ஆள்னு நினைச்சா எப்படி வண்டில ஏறுவா?"

"மாமா, நீங்க எதையும் அப்படியே எடுத்துக்கறீங்க."

கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். ரோட்டு டயரா, சேத்து டயரா?"

முதலாவதா, மூன்றாவதா. அளவுக்காரர் இரண்டையும் பார்த்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் உருண்டை. உள்ளே எங்கேயாவது ஒரு தராசு முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அசைகிறதா என்று காத்திருந்தார். அசையவில்லை.

"மூணாவதே போடுங்க" என்றான் கமாண்டர். கடைக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

சரி, அளவாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று அளவுக்காரர் சிவப்புப் புள்ளிக் கருவியை எடுத்துவந்தார். சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவை நாலு பக்கமும் அளந்தார். காகிதத்தில் படம் போட்டார். எண்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள டயர் வரை உள்ளே போகும், சுற்றிலும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும் என்று அறிவித்தார். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

கடைக்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினார். இறங்கி வந்து சக்கரத்துக்கும் உள் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுக் காட்டினார்.

"நேரா நிக்கும்போது அளந்திருக்கீங்க. வண்டி திரும்பும்ல?"

அலமாரிகள் திரும்புவதில்லை.

"எண்பத்துநாலு. அதுக்கு மேல போனா உரசும்" என்றார் கடைக்காரர். பழைய டயர் எழுபத்தைந்து. "இன்னொண்ணு. சக்கரம் பெருசானா மீட்டர் பொய் சொல்லும். அறுபதுல போறோம்னு நினைப்பீங்க, அறுபத்தேழுல போயிட்டிருப்பீங்க."

"சரி."

பெரிய டயருக்கு ஏற்ற புது வளையம் வேண்டும். வெள்ளியா, கறுப்பா? கமாண்டர் இந்த இடத்தில் பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டான்: "இதுல நான் வாயே திறக்க மாட்டேன்." திறக்காத வாயோடு இரண்டையும் படம் பிடித்து வேறு ஊரில் வேலை பார்க்கும் அளவுக்காரரின் மகளுக்கு அனுப்பினான். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: "கறுப்பு. வெள்ளி போட்டா அப்பா தட்டு வித்துட்டுப் போற மாதிரி இருக்கும். எதுக்குப்பா இதெல்லாம்? அம்மா எப்ப வராங்க?" முதல் கேள்விக்குக் கமாண்டர் கட்டைவிரல் படம் போட்டான். இரண்டாவதற்கு யாரும் பதில் போடவில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினார்கள். கமாண்டர் வெளியே போய்ப் புது டயர்களுக்குப் பக்கத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, குழுவுக்காகத் தன்னையே படமெடுத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஸ்டெப்னியும் மாத்திடலாமா? கீழ பழசுதான் தொங்குது."

அளவுக்காரர் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மகள் வேலைக்குத் திரும்பியிருப்பாள். மனைவி யார் கண்ணிலோ கண்ணாடி மாற்றிக்கொண்டிருப்பாள். மேஜைமேல் இருந்த காலண்டரில்கூட டயர் படம்தான் இருந்தது. கேட்க ஆளில்லை.

"வேண்டாம்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. நாலு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா நாளைக்கு ஒரு அவசரத்துக்கு..."

"வேண்டாம். பத்து வருஷமா அதைக் கழட்டினதே இல்ல."

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். எங்கும் இடி இடிக்கவில்லை. ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதை எடுத்தவரே கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இந்த வாய்ப்பும் கைநழுவிப் போயிற்று, சனிக்கிழமை போய்க் காட்ட ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்பு வந்தது, அதற்குரிய வலி அதோடு சேர்ந்து வரவில்லை. டயர்கள் மட்டும் தேனீக்கூட்டம் துரத்துகிற மாதிரி ரீங்கரித்துக்கொண்டே வந்தன.

அந்த வாரம் அளக்கப் போன வீடுகளிலெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "அளவெடுக்கவா இதுல வந்தீங்க? இல்ல, சுவரை இடிக்கவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வண்டியின் பின்தட்டும் நாலரை சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. கைக்கு அது பழகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டு வாசலில் கருவிப்பெட்டியை இறக்கும்போது பழைய உயரத்துக்கே தூக்கிவிட்டார். பெட்டி தட்டின் விளிம்பில் இடித்துக் கவிழ்ந்தது. திருகாணிகள் தரையெல்லாம் சிதறின. குனிந்து பொறுக்கினார். எல்லாம் வந்ததா என்று எண்ணவில்லை. வீட்டுத் தரையில் கிடக்கும் திருகாணிகளைப் பொறுக்குவது எப்போதும் மனைவியின் வேலை. காலில் குத்தியவற்றை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். டின் நிறைந்து மூடி மூடாமல் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார். 'எல்லாம் நானே முடிவு பண்ணினேன்' என்று கண்ணாடி முன்னால் ஒரு முறை சொல்லியும் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

பதினொரு கிலோமீட்டர் போயிருப்பார். வழவழப்பான ரோடு, ஒரு கல் கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. நிறுத்தி இறங்கினார். எதற்கும் அசராதது என்று கமாண்டர் சத்தியம் செய்த டயர்களில் ஒன்று, முன்னால், பக்கத்து இருக்கைப் பக்கத்தில், தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எதிரில் பேருந்து நிறுத்தம். அங்கே ஆறு பேர் நின்றார்கள். பேருந்து வர நேரமிருந்தது போலும், ஆறு பேரும் இவர் பக்கம் திரும்பி வசதியாக நின்றுகொண்டார்கள்.

கமாண்டருக்குப் போன் செய்தார்.

"மாமா, பதறாதீங்க! அப்படியே நில்லுங்க. மீட்புக்குத்தானே நம்ம குழுவே இருக்கு" என்று முழங்கியவன் சற்றே குரலை இறக்கி, "வண்டி இப்ப வாஷ்ல நிக்குது. ஷாம்பு போட்டுட்டாங்க. காய ரெண்டு மணி நேரமாகும்" என்றான்.

ஜாக்கியை எடுத்து வைத்தார். வண்டி உயர்ந்துவிட்டதால் அது எட்டவில்லை. வீட்டுக்காரர்களுக்கு நிறம் காட்டுகிற அலமாரிக் கதவுத் துண்டுகள் பின்னால் இருந்தன. வெள்ளையில் ஒன்றும் சாம்பலில் ஒன்றும் எடுத்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். எந்த நிறம் மேலே என்று யோசிக்க அவகாசமில்லை.

"மலை ஏறப் போறீங்களா சார்?" என்று நிறுத்தத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இல்ல. சகலை வீட்டுக்கு."

ஆறு பேரில் ஒருவருக்குப் புரையேறியது.

ஸ்டெப்னியைக் கீழிறக்கி மாட்டினார். மூன்று பெரிய சக்கரம், ஒரு சிறிய சக்கரம். வண்டி ஒரு தோளை இறக்கிக்கொண்டு நின்றது. சமையல் மேடையை யாராவது இப்படிப் போட்டிருந்தால் கம்பெனி அன்றைக்கே சீட்டைக் கிழித்திருக்கும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அது சலவைச் சட்டை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

நாலே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவியின் அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டி என்ன ஒருக்களிச்சுக்கிட்டு வருது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பி, "ஏண்டி, உன் வீட்டுக்காரர் வந்தாச்சு. நேரா வரலை" என்று குரல் கொடுத்தார்.

மனைவி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், அல்லது கண்ணாடியை மாற்றியிருந்தாள். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் நின்று பார்த்தாள். சிறிய சக்கரத்தின் முன்னால் அதிக நேரம் நின்றாள்.

"சரி, சொல்லுங்க. இந்தக் கரடுமுரடு டயர் யார் எடுத்தது?"

அவர் வாயைத் திறந்தார். அவள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி."

"அளவு?"

"கடைக்காரர்."

"அளவுமா!" என்றார் அக்கா, துணியைப் பிழிந்தபடி.

"நீ சும்மா இரு அக்கா. இந்தக் கறுப்பு வளையம்?"

"பொண்ணு. வெள்ளி போட்டா தட்டு விக்கறவன் மாதிரி இருக்கும்னு..."

"அது உண்மைதான். நட்டு, போல்ட்டு?"

"வளையத்தோடயே வந்தது."

மனைவி பெருமூச்சு விட்டாள். "அப்ப நீங்க என்னதாங்க பண்ணீங்க அங்க? வேடிக்கை பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு திங்கட்கிழமையை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சாக்பீஸ், மூன்று டயர், இரண்டு விரல், கட்டைவிரல் படம். அப்புறம் காலண்டர்.

"ஸ்டெப்னி வேண்டாம்னேன்" என்றார்.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை. அப்ப கேக்கறதுக்கு யாருமில்ல. அவர் மாத்திடலாம்னுதான் சொன்னார். நான் வேண்டாம்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

அவள் சிறிய சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு அதனால் சாய்ந்து நின்ற வண்டியையும், அதன் பக்கத்தில் கிரீஸ் அப்பிய சலவைச் சட்டையையும் பார்த்தாள்.

"நல்ல முடிவா அது?"

"இல்ல."

யோசிக்காமல் வந்தது. அவருக்கே அந்தச் சொல் யாரோ பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி கேட்டது. அக்கா துணி பிழிவதை நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மனைவி.

"இல்ல. மாத்தியிருக்கணும்."

அவள் உள்ளே போனாள். பைக்குத்தான் போனாளா, தண்ணீர் குடிக்கப் போனாளா என்று தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை, ஆனால் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அளவுக்காரர் நின்றார். கன்னத்தை அழுத்திப் பார்க்கத் தோன்றியது. கையில் கிரீஸ் இருந்ததால் விட்டுவிட்டார்.

பையோடுதான் வந்தாள். சின்னப் பை.

"திங்கக்கிழமை வரைக்கும் வரேன். அதுக்கப்புறம் பாக்கலாம்" என்றாள். வண்டியின் மற்ற மூன்று மூலையும் ஆள் ஏற முக்காலி வேண்டும் என்ற உயரம். அவள் பக்கம் சிறிய சக்கரத்தால் தாழ்ந்திருந்தது. ஏறி உட்கார்ந்து, "இந்தப் பக்கம் ஏற வசதியாத்தான் இருக்கு" என்றாள். கேலியா, பாராட்டா என்று அவர் ஆராயவில்லை.

வண்டியைக் கிளப்பியதும் எதுவோ கீச்கீச் என்று அடித்தது. புது டயர்தான் என்று நினைத்துப் பயந்தார். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது. ஏழு வாரமாக அடிக்காததால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அவள் பெல்ட்டைப் போட்டாள். மணி நின்றது. அவருக்கு ஏனோ அது இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம் என்று தோன்றியது.

'எந்த வழியா போகட்டும்?' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பஞ்சர் கடைக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறோம்" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

பஞ்சர் ஒட்டுகிறவர் பெரிய டயரைத் தரையில் உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். ரப்பர் முடிகள் பாதிக்குமேல் அப்படியே இருந்தன. "புது டயரு. எந்தக் காட்டுக்குள்ள சார் விட்டீங்க?" என்று கேட்டபடி, இரண்டு பாளங்களுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் குறடை விட்டு ஒன்றைச் சுழற்றிச் சுழற்றி வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அளவுக்காரர் கை நீட்டுமுன் மனைவி அதை எடுத்துக்கொண்டாள். விரலால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து உள்ளே போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் பிஸ்கட் டின்னில் போட வேண்டும்.

சுவர் அலமாரி மாட்டும் எழுபது மில்லிமீட்டர் திருகாணி. அவருடைய பெட்டியிலிருந்து விழுந்தது. அந்தப் பெட்டிக்குக் கொக்கி போய் இரண்டு வருஷமாகிறது.